மூன்று மைல் கோட்டிலிருந்து தொடங்குங்கள்

கடலுக்குத் திட்ட வரைபடம் தீட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

எந்தக் கடற்பரப்பில் எது நடக்கலாம், எங்கே எது கூடாது என்று வகுக்கும் பணியில் இருக்கிறீர்கள். அலுவலர், கடலியல் ஆய்வாளர், வரைபட வல்லுநர், ஆலோசனை நிறுவனத்தார் எனப் பலர் சேர்ந்த குழு உங்களுடையது. இந்தியாவும் நார்வேயும் 2019-இல் கைகோத்ததன் தொடர்ச்சியாகப் புதுச்சேரியும் இலட்சத்தீவும் கடல் இடத் திட்டமிடலின் முன்னோட்டக் களங்களாயின. இந்த முறை மற்றக் கரைகளுக்கும் வரத்தான் போகிறது. அது பாக் விரிகுடாவையும் மன்னார் வளைகுடாவையும் எட்டுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்று இந்த மடல்.

திட்டமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பவளப்பாறை, கடற்புல், கப்பல் வழி, காற்றாலை, எண்ணெய்க் கிணறு, இறால், நண்டு, கடல்பசு என்று எல்லாம் ஒரே நீர்ப்பரப்பில் முட்டிக்கொள்ளும் காலத்தில் யாராவது உட்கார்ந்து கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காவிட்டால் வலுத்தவன் எடுத்துக்கொள்வான். எங்கள் வழக்கு, எதை முதலில் செய்வது என்ற வரிசையைப் பற்றியது. இந்தக் கடலில் ஏற்கெனவே பல கோடுகள் போடப்பட்டிருக்கின்றன. அவற்றில் எளியவரைத் தடுக்கும் கோடுகள் கண்டிப்பாகக் காக்கப்பட்டன. எளியவருக்காகப் போடப்பட்ட கோடுகள் தாளிலேயே தங்கிவிட்டன. இதைச் சரிசெய்யாமல் புதுக் கோடு போட்டால், அது கடைசியாக வந்தவருக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டாகவே முடியும்.

உங்கள் கணினித் திரையில் கடல் ஒரே நீல நிறம். அதன்மேல் அடுக்கு அடுக்காகத் தகவல்களை ஏற்றுகிறீர்கள். ஆழம், நீரோட்டம், கப்பல் தடம், பவளம் ஆகியவற்றுக்குச் செயற்கைக்கோளும் கருவியும் தரவு தருகின்றன. மீன்பிடிப்புக்கு வரும்போதோ இறங்குதளங்களின் பெயர்ப் பட்டியலும் ஆண்டுக்கு இத்தனை டன் என்ற தொகையும் மட்டும் கிடைக்கின்றன. பிடிக்கும் இடம் தெரியாததால் அந்த இடம் காலியாகத் தெரிகிறது. காலியாகத் தெரியும் இடத்தில்தான் காற்றாலையும் மணல் அகழ்வுத் தொகுதியும் சிரமமில்லாமல் பொருந்துகின்றன.

அந்தக் காலி இடத்தில் இருப்பது என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன். மண்டபம், பாம்பன் பக்கத்தில் பாக் விரிகுடாவை வடகடல் என்பார்கள். மன்னார் வளைகுடா தென்கடல். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழ். படகுகள் காற்றைப் பார்த்து இடம் மாறும். ஆகவே ஒரே குடும்பத்துக்கு ஆண்டின் ஒரு பாதியில் ஒரு கடல், மறு பாதியில் இன்னொரு கடல். ஒரு தேதியில் எடுத்த படத்தை வைத்து அந்தக் குடும்பத்தின் மீன்பிடி எல்லையை வரைந்தால் பாதி வாழ்க்கை படத்துக்கு வெளியே போய்விடும்.

ஆழத்திலும் இதே கதை. கரையை ஒட்டிய பாறைத் திட்டுகளில் பெண்கள் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். சற்று அப்பால் நண்டு வலையும் மீன் கூடுகளும் கிடக்கின்றன. அதற்கும் அப்பால் இரவில் வழிவலை மிதக்கிறது. சங்கு குளிப்பவர்களுக்கு மணற்படுகை எங்கே முடிகிறது, பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டு எங்கே தொடங்குகிறது என்பது மனப்பாடம். குமரி வரை உள்ள பாரம்பரிய மீனவர்கள் கடலடிப் பார்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். கரையில் தெரியும் மலை முகடு, கோயில் கோபுரம், மாதா கோயில் சிலுவை ஆகியவற்றில் இரண்டிரண்டை நேர்ப்படுத்திப் பார்த்து, அந்தப் பார்மீது படகை நிறுத்துகிறார்கள். ஜிபிஎஸ் கருவி வந்த பிறகும் இளைஞர்கள் அதில் பதிந்து வைத்திருப்பது பாட்டன் காட்டிய அதே இடங்களைத்தான்.

கடலைப் பங்கிட்டு ஆளும் அறிவும் இந்தக் கரைக்குப் புதிதில்லை. பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை இருக்கிறது: மீன்பிடி இடங்களை வகுத்து, எந்த இடம் யாருக்கு எந்த நாள் என்று முறை வைத்துச் சுழற்றிக்கொள்வார்கள். நல்ல இடம் என்றைக்கும் ஒருவருக்கே சொந்தமாகாது. தூத்துக்குடி முத்துக்குளிப்பும் திட்டமிட்டே நடந்தது. முத்துப்பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முற்றியிருந்தால்தான் அந்த ஆண்டு குளிப்பு அறிவிக்கப்படும். இல்லையென்றால் பார் மூடியே இருக்கும். 1961-க்குப் பிறகு அங்கே குளிப்பு நடக்கவே இல்லை. சின்னச் சங்கு அளவு வளையத்துக்குள் நுழைந்தால் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்ற விதியும் பழையது. இவற்றில் குறைகள் இல்லாமல் இல்லை. பாடு முறையில் சாதியும் ஊரும் பார்த்து உறுப்பினர் சேர்த்ததுண்டு. முத்துக்குளிப்பின் ஆதாயம் பெரும்பாலும் ஆண்டவர்களுக்கே போனது. என்றாலும் இடம், காலம், அளவு என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இங்கே இருந்தது. நீங்கள் கொண்டுவருவது வெறுங்கடலில் முதல் விதை என்று நினைத்துவிட வேண்டாம்.

உங்கள் ஆலோசகர்கள் நார்வேயிலிருந்து வருவதால் ஒரு வரலாற்றையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐ.நா.வும் ஒப்பந்தம் செய்தன. அடுத்த ஆண்டு கேரளத்தின் நீண்டகரையில் இந்திய – நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது. எளிய மீனவரின் வாழ்வை உயர்த்துவதுதான் நோக்கம். இயந்திரப் படகும் பனிக்கட்டி ஆலையும் வந்தன, பிறகு இழுவை மடி வந்தது. இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை திறந்ததும் மீன்பிடிக்கே தொடர்பில்லாதவர்களின் பணமும் கடலில் இறங்கியது. தமிழ்நாட்டிலும் அரசு மானியத்தோடு விசைப்படகுகள் பெருகின. இழுவை மடி கடலடியை வாரிச் செல்லும். மீன்குஞ்சு, கடற்புல், நாட்டுப்படகுக்காரர் விரித்த வலை எதையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. 1970-களில் இந்திய மேற்குக் கரையிலும் கிழக்குக் கரையிலும் படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. அந்தச் சண்டையை ஆராய 1976-இல் மஜும்தார் குழு அமைந்தது. அதன் வழியில் கடலோர மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் இயற்றின. நார்வேக்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதைச் சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு வந்த ஒரு திட்டம், பலன் யாருக்குப் போகும் என்று முன்கூட்டிக் கேட்காததால் என்ன ஆனது என்பதற்கு நம் கரையிலேயே சான்று இருக்கிறது. அந்தப் பாடத்தை நார்வேயும் இந்தியாவும் சேர்ந்தே படிக்கலாம்.

இனி அந்தக் கோடுகளுக்கு வருகிறேன்.

முதல் கோடு, 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் தந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. அந்தப் பரப்பு நாட்டுப்படகுகளுக்கு உரியது. மீன்கள் குஞ்சு பொரித்து வளரும் ஆழமற்ற நீரும் பெரும்பாலும் அதுதான். ஆகவே அது உரிமைக்கோடு, வளம் காக்கும் கோடும் அதுவே. இன்றைக்கு நீங்கள் பல கோடி செலவில் வரையப் போகும் வரைபடத்தின் சாரம் அந்த ஒரு வரியில் அன்றே இருந்தது. பாக் விரிகுடாவில் இதற்கு மேலும் ஓர் ஏற்பாடு உண்டு: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. இடத்தைப் பிரிக்க முடியாத குறுகிய கடலில் நாளைப் பிரித்துக்கொண்டார்கள்.

இதில் நாள் பங்கீடு ஓரளவு நின்றது, ஏனென்றால் படகு துறைமுகத்தை விட்டுப் போகிறதா இல்லையா என்பது எல்லார் கண்ணிலும் படும். மூன்று மைல் கோடு நிற்கவில்லை. இருட்டில் உள்ளே நுழைந்து மடி இழுத்துவிட்டுப் போன படகை வலையிழந்தவர் எப்படி நிரூபிப்பார்? புகார் கொடுத்தால் சமரசம், சமரசத்தில் வலைக்கு ஒரு தொகை, அடுத்த வாரம் மறுபடி நுழைவு. இரட்டை மடிக்கும் சுருக்கு மடிக்கும் 2000-இல் அரசாணையால் தடை வந்தது. சுருக்குமடி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாள் என்ற நிபந்தனையோடு 2023-இல் இடைக்கால அனுமதி கிடைத்தது. சட்டம் போதுமா, போதாதா என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது, இருக்கும் சட்டத்துக்கு ரோந்துப் படகும் டீசலும் ஆளும் போதவில்லை என்பது கரையில் எல்லோருக்கும் தெரிந்த சேதி.

இரண்டாவது கோடு 1986-இல் வந்தது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள நீரையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவானது. மூன்று ஆண்டு கழித்து 10,500 சதுர கிலோமீட்டர் கொண்ட உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்டது. பூங்கா வந்ததில் எங்களுக்குக் குறை இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. இரண்டு தீவுகள் நீருக்குள் போனதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். காப்பு தேவைதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்த பெண்களுக்கு, தாங்கள் எடுக்கும் இடம் வேலிக்குள் போய்விட்டது என்ற செய்தி வனக் காவலர் வழியாகத்தான் வந்தது. பாசிப் பை பறிமுதல், படகு பறிமுதல், அபராதம். வேலி போடும் முன் கேட்கவும் இல்லை, போட்ட பின் மாற்று வழி சொல்லவும் இல்லை.

அந்தப் பெண்கள் செய்ததை உங்கள் குழுவில் எல்லோரும் அறிய வேண்டும். அவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். மாதத்தில் பாதி நாள்கூடக் கடலில் இறங்குவதில்லை என்றும், உலோகச் சுரண்டியைத் தொடாமல் கையாலேயே எடுப்பது என்றும், மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு கொடுப்பது என்றும் தாங்களே கட்டுப்பாடு வகுத்தார்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி இந்தப் பணிக்காக 2015-இல் சீகாலஜி என்ற உலகப் பரிசைப் பெற்றார். இடம், காலம், கருவி மூன்றுக்கும் வரம்பு வைத்த ஒரு முழுமையான கடல் மேலாண்மைத் திட்டம் இது. தீட்டியவர்களில் பலருக்குப் பள்ளிப் படிப்பே குறைவு. இது உங்கள் வரைபடத்தில் எந்த அடுக்கில் இருக்கிறது?

மூன்றாவது கோடு கடலில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. 2001 ஜூலையில் சுறா, திருக்கை இனங்களும் கடல் அட்டையும் பவளமும் கடற்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புலிக்குரிய காப்பு. சுறாத் தூண்டில்காரர்கள் குரல் எழுப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சுறா, திருக்கைத் தடை பத்து இனங்களுக்கு என்று சுருங்கியது. கடல் அட்டைக்குப் போட்ட தடை அப்படியே நின்றது. ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் மூச்சடக்கி முங்கி அட்டை எடுத்தவர்கள் ஒரே நாளில் வனக்குற்றவாளிகள் ஆனார்கள். அட்டை குறைந்துபோயிருந்ததும் உண்மைதான். ஆனால் அளவு வைப்பது, பருவம் வைப்பது, சில ஆண்டு மூடி மறுபடி எண்ணிப் பார்ப்பது என்ற நடுவழிகள் எதையும் முயலவில்லை. அதே கடலின் மறுகரையில், இலங்கையில், அட்டை எடுப்பதும் பண்ணையில் வளர்ப்பதும் சட்டப்படி நடக்கின்றன. விளைவு, இங்கிருந்து அங்கே கடத்தல். யாழ்ப்பாணத்தில் இப்போது அட்டைப் பண்ணைகள் தங்கள் மீன்பிடி இடத்தை மறிக்கின்றன என்று அங்குள்ள சிறு மீனவர்கள் கொதிக்கிறார்கள். தடையும் பண்ணையும் இரண்டு கரைகளில் எதிரெதிர் முடிவுகள். இரண்டிலும் கேட்கப்படாமல் போனது ஒரே குரல்.

நான்காவது கோடு 1974-லும் 1976-லும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே போடப்பட்ட கடல் எல்லை. அதன் அரசியலை இங்கே விரிக்க மாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்து இழுவை மடியைக் கணக்கில் எடுக்காமல் பாக் விரிகுடாவுக்கு எந்தத் திட்டமும் தீட்ட முடியாது. நம் பக்கத்து அடித்தரை வறண்ட பிறகு விசைப்படகுகள் எல்லை தாண்டுகின்றன. இலங்கையில் போர் முடிந்த 2009-க்குப் பின் கடலுக்குத் திரும்பிய வட இலங்கைத் தமிழ் மீனவரின் வலைகளை அறுப்பது அந்த மடிகள்தான். இலங்கை 2017-இல் இழுவை மடியையே சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டு நம் அரசு 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், மீதி கடனும் கைக்காசும். தாளில் அருமையான திட்டம். மாறியவர்களோ மிகச் சிலர். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல். மாலையில் போய்க் காலையில் திரும்பிப் பழகியவரை, நாட்கணக்கில் ஆழ்கடலில் தூண்டில் போடச் சொன்னால் படகு மட்டும் போதாது. தொழில், கூலியாள், கடன், சந்தை எல்லாம் மாற வேண்டும். கடலில் கோட்டை நகர்த்துவது எளிது, அதற்கு ஏற்ப ஒரு குடும்பத்தின் பிழைப்பை நகர்த்துவதற்கு ஆண்டுகள் பிடிக்கும். உங்கள் திட்டச் செலவுப் பட்டியலில் அந்த ஆண்டுகளுக்கும் தொகை இருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு மீனவர்களை அப்பாவிகளாகக் காட்டுகிறேன் என்று எண்ண வேண்டாம். விசைப்படகு முதலாளிகளில் பலர் இதே கரையில் பிறந்தவர்கள். கண்ணி சிறுத்த வலையை விரிப்பது, வெடி வைத்து மீன்பிடிப்பது, பொரிந்த குஞ்சைக் கோழித் தீவனத்துக்கு விற்பது எல்லாமே நடந்தவை, நடப்பவை. ஊர்க் கட்டுப்பாடு தளர்ந்த இடத்தில் அரசின் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் ஐயமில்லை. அந்தக் கட்டுப்பாடு குதிரைத்திறன் கூடிய படகிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே கேட்பது. முங்கிப் பாசி எடுக்கும் பெண்ணிடமிருந்து தொடங்குவது எளிது என்பதற்காக அங்கே தொடங்கக் கூடாது.

நன்றாக நடந்தவையும் உண்டு. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வளர்க்கப்பட்ட கப்பாபைகஸ் பாசி வருமானம் தரும் என்று பரப்பப்பட்டபோது, 2005-இல் தமிழ்நாடு அரசு மன்னார் வளைகுடாப் பூங்காவையொட்டி அதை வளர்க்கக் கூடாதென்று இடவரம்பு விதித்தது. குருசடைத் தீவின் பவளத்தின்மேல் அந்தப் பாசி படர்ந்திருந்ததை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்தபோது அந்த வரம்பின் அருமை விளங்கியது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். ஆவுளியா என்று நம் மக்கள் சொல்லும் அந்த விலங்கு கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. காப்பகம் வந்தும் பாரம்பரிய மீன்பிடிப்பைத் தடுக்கவில்லை. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவித்த மீனவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசு கொடுத்தது. 1986-இலிருந்து 2022-க்குள் அரசு கற்றுக்கொண்டது இது. கடற்புல்லைக் கிழிக்கும் இழுவை மடி அந்த 448 சதுர கிலோமீட்டரில் நுழையாமல் பார்த்துக்கொண்டால் அந்தப் பாடம் முழுமையாகும்.

வரப்போகிறவற்றைப் பார்த்தால்தான் இந்த மடலின் அவசரம் புரியும். கடற்காற்றாலைகளுக்கு 7,453 கோடி ரூபாய் ஆதரவுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. அதில் 500 மெகாவாட் தமிழ்நாட்டுக் கடலுக்கு. கடலடிக் கனிமச் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டு, 2024 நவம்பரில் முதல் 13 தொகுதிகள் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் மூன்று கேரளக் கடலின் கட்டுமான மணல். கொல்லத்து மீனவர்கள் தெருவில் இறங்கியது அதற்காகத்தான். குமரிக்குத் தெற்கே எண்ணெய், எரிவாயுத் தேடல் தொகுதிகள் வேறு. காற்றாலை மின்சாரம் நாட்டுக்குத் தேவை, அதை மறுக்கவில்லை. ஆனால் தூண்களுக்கு இடையே வழிவலை மிதக்க முடியுமா, கம்பிவடம் பதித்த தடத்தில் யார் நுழையலாம் என்ற கேள்விகள் குத்தகை கையெழுத்தாகும் முன் பேசப்பட வேண்டியவை. குடியிருப்பவனைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வீட்டைப் பாகம் பிரிக்கும் வேலையாக இது ஆகிவிடக் கூடாது.

வரைபடம் என்றாலே எங்களுக்கு ஒரு நடுக்கம் இருப்பதற்கும் காரணம் உண்டு. எண்ணூர்க் கழிமுகம் 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் காக்கப்பட்ட நீர்நிலையாக இருந்தது. பின்னாளில் காட்டப்பட்ட வேறொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டுப் பெற்ற பிறகுதான் 2017-இல் இது வெளியே தெரிந்தது. உயிரோடு ஓடும் நீரைத் தாளில் துடைத்துவிட்டால் அதில் ஆலைச் சாம்பலைக் கொட்டவும் கட்டடம் எழுப்பவும் தடை ஏது? 2023-இல் புதிய கடற்கரை வரைபட வரைவுகள் கருத்துக்கேட்புக்கு வந்தபோதும் மீனவ ஊர்களும் வலை உலர்த்தும் இடங்களும் படகு நிறுத்தும் மணலும் அவற்றில் விடுபட்டிருந்ததாக மக்கள் எதிர்த்தார்கள். கரையிலேயே கண்ணெதிரே இருக்கும் ஊர் வரைபடத்தில் விடுபடுமானால், கண்ணுக்குத் தெரியாத பாரும் பாடும் என்ன கதியாகும்?

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 2004-இல் புதிய மண்டலத் திட்டம் வந்தது. மீன்பிடிப்பு அறவே கூடாத பரப்பு 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது, 33 சதவீதமானது. அதற்கு முன் இரண்டு சுற்றுக் கருத்துக்கேட்பு. 31,000-க்கும் மேற்பட்ட மனுக்கள். வரைவை மாற்றினார்கள், பிழைப்பை இழந்த மீனவர்களுக்கு ஈட்டுத்தொகையும் கொடுத்தார்கள். அங்கேயும் வருத்தங்கள் உண்டு. இருந்தும் கோடு நின்றது. 2030-க்குள் கடலில் 30 சதவீதத்தைக் காப்பது என்று 2022-இல் உலக நாடுகள் மாண்ட்ரியலில் ஒப்புக்கொண்டன. அந்தக் கணக்கை நிரப்பும் அவசரத்தில் அந்த 31,000 மனுக்களை மறந்துவிட்டு 33 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே நான்கு கோரிக்கைகள்.

முதலாவது, நீங்கள் வரையும் அடுக்குகளில் மீன்பிடி உரிமை அடித்தளமாக இருக்கட்டும். ஊர் ஊராகப் போய், எந்த வலை, எந்தக் காற்று, எந்தப் பார் என்று மக்களே வரையும் வரைபடத்தைச் சட்டப் பதிவாக ஏற்றுக்கொள்ளுங்கள். பார்களின் துல்லிய இடத்தை வெளியிட்டால் பெரிய படகு வந்து வாரிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அந்தப் பதிவு அந்தந்த ஊரின் உடைமையாக இருக்கட்டும். பாசி எடுக்கும் பெண்ணும் மீன் விற்கும் பெண்ணும் அதில் தனியாகக் கணக்கிடப்பட வேண்டும். மீனவர் என்ற சொல்லின் கீழ் அவர்கள் மறைந்துபோகிறார்கள்.

இரண்டாவது, புதிதாகக் கடலுக்குள் வருபவரே தம்மால் தீங்கில்லை என்று நிரூபிக்க வேண்டும். இருப்பவரைப் பார்த்து உன் உரிமைக்குச் சான்று காட்டு என்று கேட்கும் முறை தலைகீழானது.

மூன்றாவது, திட்டத்தைக் கல்வெட்டாக்காதீர்கள். 2016-இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது மன்னார் வளைகுடாவில் உயிர்ப்பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாகச் சரிந்தது. தேசியப் பூங்காவின் எல்லைக் கோடு வெப்பத்தைத் தடுக்கவில்லை. வெப்பம் கூடும்போது மீனும் இடம் மாறும், பாசியும் இடம் மாறும். குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை, கரையில் இருப்பவர்களின் சாட்சியத்தோடு கோடுகளைத் திருத்தும் வழி திட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

நான்காவது, கூட்டங்களை மாவட்டத் தலைநகரத்து விடுதியில் வைக்காமல் கரையில் தமிழில் நடத்துங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் ஊரில் இருப்பார்கள். நாட்டுப்படகுக்காரர்கள் அப்போதும் தொழிலுக்குப் போவார்கள். அவர்களைப் பார்க்கக் கிறிஸ்தவ ஊர்களுக்கு ஞாயிறு மாலையும் முஸ்லிம் ஊர்களுக்கு வெள்ளி மாலையும் தோது. பாசிக்காரப் பெண்களுக்குக் கடலில் இறங்காத நாள் பார்த்து வாருங்கள். வரைவை ஆங்கிலத்தில் 400 பக்கமாக இணையத்தில் ஏற்றிவிட்டு 60 நாள் அவகாசம் என்று அறிவிப்பதைக் கருத்துக்கேட்பு என்று யாரும் இனி நம்ப மாட்டார்கள்.

இவற்றையெல்லாம் செய்ய ஆண்டுகள் ஆகும் என்பீர்கள். ஆகட்டும். அதுவரை செய்ய ஒரு வேலை உண்டு, அதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், செயற்கைக்கோளும் வேண்டாம். 1983-ஆம் ஆண்டுக் கோட்டைக் காத்துக் காட்டுங்கள். உங்கள் திட்டத்தின் முதல் வரைவை அனுப்பும்போது அதோடு ஒரே ஒரு தாளை இணையுங்கள்: கடந்த ஓராண்டில் மூன்று கடல் மைலுக்குள் எத்தனை விசைப்படகுகள் பிடிபட்டன, எத்தனை படகுகளுக்கு அபராதம், அறுந்த வலைக்கு யாருக்கு எவ்வளவு ஈடு கிடைத்தது. முதலில் அந்தத் தாளைப் படிப்போம். அதில் எண்கள் இருந்தால், வரைவின் மற்றப் பக்கங்களையும் நம்பிப் படிக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து,
உங்கள் கடலோரக் குடிமகன்